கடைமடை

செவ்வாய்க்கிழமைகளில் நீல வாளி வரும்.
மூடியில் புக்காரமாங்கா பிணவறையின் முத்திரை,
உள்ளே உப்புத் தண்ணீர்,
தண்ணீரில் யாரும் தேடி வராத ஒருவருடைய இதயம்.

பெருந்தமனியின் அடியில் இரண்டு வாய்கள்,
பயறு நுழையும் அளவு.
வலது வாய்க்குச் சிவப்பு ரெசின்,
இடது வாய்க்கு நீலம்.
மெல்ல அழுத்த வேண்டும்; அவசரப்பட்டால்
நுனிக் கிளை வெடித்துவிடும்.
சிலருக்கு மூன்றாவது வாய் ஒன்று இருக்கும்,
ஊசிமுனை போல, வலது வாய்க்குப் பக்கத்திலேயே
தனிக்குடித்தனம்.
அதற்குப் பல்கலைக்கழகம் நிறம் ஒதுக்கவில்லை.
என் செலவில் மஞ்சள் வாங்கி வைத்திருக்கிறேன்.

இறுகியதும் பொட்டாஷ் காரத்தில் அமிழ்த்திவிட்டுக்
கைகழுவி வெளியே வந்து
வறுத்த எறும்பு ஒரு சுருள் வாங்குவேன்.
மழைக்குப் பின் கிளம்பும் ராணி எறும்பு, உப்பு தூக்கலாக.
காரம் தின்னட்டும். நானும் தின்கிறேன்.

மூன்றாம் நாள் சதை இருக்காது.
இரண்டு நிறத்தில் ஒரு முள்மரம் மட்டும்
உள்ளங்கையில் நிற்கும்.

டாக்டர் எலியேசர் அர்சினியேகாஸ் கேட்பது ஒன்றுதான்:
"நுபியா, கடைமடைக்கு யார் முறை?"
இதயத்தின் முதுகில்
நான்கு அறைகளும் முட்டிக்கொள்ளும் சந்தியில்
திரும்பிக் கீழே இறங்கும் கிளை
சிவப்பா, நீலமா?
சிவப்பு எண்பத்தொன்பது.
நீலம் பதினேழு.
இரண்டும் வந்து பங்கிட்டுப் பாய்ச்சியது பதினொன்று.
சிவப்பை 'வலது ஆதிக்கம்' என்று எழுதச் சொல்வார்.
யார் யாரை ஆண்டார்களோ.
பாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நூற்றுப் பதினெட்டாவது இதயத்தில்
இடது பக்கம் சுற்றி வளையும் கிளை
சிவப்பாக இருந்தது.
நான்தான் நிறத்தை மாற்றி ஏற்றிவிட்டேன் என்று
மதியச் சோறு இறங்கவில்லை.
பிறகு உருப்பெருக்கியை வைத்துப் பின்தொடர்ந்தேன்:
வலது வாயருகே புறப்பட்டுப்
பெருந்தமனியின் பின்னால் பதுங்கிப் போய்
இடது வயலுக்குள் இறங்கியிருக்கிறது,
பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகப்
பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி.
அறுபத்து நான்கு வயது. சந்தையில் வாழைத்தார் சுமந்தவர்.
மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார்.
இந்தச் சுற்றுவழி தெரியாமலே
எத்தனை படி ஏறியிருப்பார்.

படி ஏறும்போதுதான் எனக்கும்.
மார்புக்குள் யாரோ ஈரத்துணி முறுக்குவது போல.
எலியேசர் கையோடு இழுத்துப் போனார்.
மணிக்கட்டு வழியாக வடிகுழாய்,
திரையில் சாம்பல் நிறத்தில் என் மரம்.
ஆடிக்கொண்டே இருந்தது.
ஆடும் மரத்தை நான் பார்த்ததே இல்லை.

முன்கிளையில் ஒரு விரற்கடை நீளம்
துடிக்கும்போது நூலாய் மெலிந்தது,
ஓயும்போது பழையபடி விரிந்தது.
மெலிந்தது. விரிந்தது.
"தசைப்பாலம்" என்றாள் பயிற்சி மருத்துவர்,
இருபத்தைந்து வயது இருக்கும்.
"மேலே ஓட வேண்டிய தமனி
கொஞ்ச தூரம் சதைக்குள் மூழ்கிப் போகிறது.
பிறவியிலேயே அப்படி. பலருக்கு உண்டு.
உங்களுக்கு மாத்திரை போதும்."

பலருக்கா?
படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன்.
நூற்றுப் பதினெட்டில் ஒன்றுகூட நான் கண்டதில்லை.
அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது.
எலியேசர் முகத்தைப் பார்த்தேன்.
அவருக்குள்ளும் அதே கணக்குதான் ஓடியது.

பாலம், சதை.
நான் காரத்தில் போட்டதும் சதை.

இந்தச் செவ்வாய் வாளியைத் திறந்தபோது
காரப் பாத்திரத்தை மூடியே வைத்திருந்தேன்.
கையுறை விரலால் முன்பள்ளத்தில்
கொழுப்பை விலக்கி விலக்கிப் போனேன்.
மேலே ஓடுகிறது, இன்னும் மேலேதான், மேலே...
"எழுதுங்கள் டாக்டர்."
"எந்தத் தலைப்பில்?"
"தலைப்பு அப்புறம். இங்கே உள்ளே போகிறது.
அளவுகோலைப் பிடியுங்கள்,
எங்கே வெளியே வருகிறதென்று பார்க்கிறேன்."